தமிழ் கேளாச் செவிப்பெட்டி

தமிழ்நாட்டு நகரங்களில் இக்கால் வீடுகள் பலவற்றுள் ஒரு புதிய பெட்டி புகுந்து வருகின்றது. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுருண்டையைக் கடைக்காரர் 'சுமார்ட் சுபீக்கர்' என்பர். சொன்னதைக் கேட்டு விடை தருவதாகலின் திறன் ஒலிபெருக்கி என்பது அதற்குப் பொருந்தும் பெயர். பாட்டுக் கேட்கலாம், விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம், நாளை மழை வருமா என்றும் வினவலாம். கை வேண்டா, கண் வேண்டா, வாய் ஒன்றே போதும் என்பது இதனை விற்போர் கூற்று. எம்மொழி பேசும் வாய் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. பெட்டியை வீட்டு வலையோடு இணைக்கத் தொடங்கும் அன்றே அது வெளிப்பட்டுவிடும்.

இணைக்கும் முறை கடினமானதன்று. சுவரோரம் நின்று சிறு விளக்குகளை மினுக்கும் திசைவி, இணையத்தைக் கம்பி வழியே பெற்று அலைகளாக வீடெங்கும் பரப்புகின்றது. கம்பியில்லா அவ்வலையே 'வைஃபை' எனப்படும் அருகலை. திறன் ஒலிபெருக்கிகள் பெரும்பாலனவற்றுக்குத் திரையும் இல்லை, தட்டச்சுப் பலகையும் இல்லை. ஆகவே வலையின் பெயரையும் கடவுச்சொல்லையும் பெட்டிக்கு நேரே சொல்ல வழியில்லை. திறன்பேசிதான் இடையாளாக நிற்க வேண்டும். அமேசான் நிறுவனத்தின் எக்கோவை எடுத்துக்கொள்வோர் முதலில் அதனை மின்னிற் செருகுவர். விளக்கு செம்மஞ்சள் நிறத்திற் சுழலும். திறன்பேசியில் அலெக்சா செயலியைத் திறந்தால், புளூடூத்து எனும் ஊடலை வழியாக அது பெட்டியைக் கண்டுகொள்ளும். பின்னர் அக்கம்பக்கத்து வலைகளின் பட்டியல் தோன்றும். தம் வலையைத் தேர்ந்து கடவுச்சொல்லை இட்டால், செயலி அதனைப் பெட்டிக்குக் கைமாற்றும். பெட்டி திசைவியிடம் தன்னை மெய்ப்பித்து, ஒரு முகவரியும் பெற்று, நிறுவனத்தின் தொலைவழங்கிகளோடு பேசத் தொடங்கும். இத்தொடர்பு அற்றுப்போனால் பெட்டி ஏறத்தாழ ஊமை. தன்னை அழைக்கும் பெயரை மட்டுமே அது தானாக அறியும். பெயரைத் தொடர்ந்து வரும் பேச்சின் பொருளைப் பெரும்பாலும் தொலைவழங்கியே கண்டு சொல்கின்றது.

இணைப்புக் கிட்டாமைக்கு ஏதுவாவன பெரும்பாலும் சிறியனவே. 2.4 கிகாகெர்ட்சு அலை சுவரை ஊடுருவித் தொலைவு செல்லும். 5 கிகாகெர்ட்சு அலை விரைவு மிக்கது, ஆயின் சுவர் கண்டால் தளரும். பெட்டியை இரும்புப் பேழைக்குப் பின்னும் நுண்ணலை அடுப்புக்கு அருகிலும் வைத்துவிட்டு நிறுவனத்தை வைதலாற் பயனில்லை. இவை எவரும் ஒரு மாலைப்பொழுதில் திருத்திக்கொள்ளக் கூடியவை. திருத்தமுடியாதபடி அமைந்திருப்பது மொழி.

வலையின் பெயரிலேயே அது தொடங்குகின்றது. அருகலைக்கு வீட்டார் விரும்பிய பெயரை இடலாம். பலர் திசைவியோடு வந்த எண்ணும் எழுத்துமான பெயரையே விட்டுவைப்பர். மொழிப்பற்றுடையோர் தமிழிலேயே பெயரிட விழைவர். இடுவதற்குத் தடையும் இல்லை, அளவு மட்டும் உண்டு. அருகலை நெறிமுறை வலைப்பெயருக்கென ஒதுக்கியுள்ள இடம் 32 பைட்டு. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டு போதும். ஒருங்குறியை வலைகளிற் கொண்டுசெல்லும் பொதுமுறையிலோ தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுக் கொள்கின்றது. உயிரெழுத்துக்கும் அகரமேறிய மெய்க்கும் மும்மூன்று; புள்ளிபெற்ற மெய்க்கும் ஏனை உயிர்மெய்க்கும் ஆறாறு. 'செந்தமிழ்' என்று பெயரிட்டால் 27 பைட்டு, அடங்கிவிடும். 'செந்தமிழில்லம்' என்றால் 42, அடங்காது. அதே பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 15 பைட்டில் முடிந்துவிடும். அடங்கிய பெயரும் சில பழைய கருவிகளின் திரையில் வெறுங்கட்டங்களாகவே தெரியும். இதிற் சூழ்ச்சி ஏதும் இல்லை. அளவுகோல் செய்தவன் தன் கையளவால் அளந்தான், அவ்வளவே. ஆயினும் பிறர் கையளவால் அளக்கப்படும் மொழிக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகின்றது என்பதை இந்த 32 பைட்டு காட்டிவிடுகின்றது.

கடவுச்சொல்லில் அவ்வளவு இடமும் இல்லை. வீடுகளில் வழங்கும் அருகலைக் காப்புமுறையின்படி கடவுச்சொற்றொடர் 8 முதல் 63 வரையான குறிகளைக் கொண்டிருக்கலாம். அக்குறிகள் ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளுமாகவே இருத்தல் வேண்டும். தமிழெழுத்துக்கு அங்கே வாயில் அடைப்பு. தமிழர் ஒருவர் நினைவில் எளிதாய் நிற்கும் தமிழ்த்தொடரைக் கடவுச்சொல்லாகக் கொள்ளலாம். ஆனால் அதனை ஆங்கில எழுத்திற் பெயர்த்தே தட்டவேண்டும். அப்போது 'ழ'கரத்தை எந்த எழுத்துகளால் எழுதினோம் என்னும் ஐயமும் உடன்வரும். தமிழிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. கடவுச்சொல்லோ அவ்வேறுபாட்டை விடாது பார்ப்பது. தமிழ் மட்டுமே கற்ற முதியவர் ஒருவர் மும்முறை தட்டியும் வலை ஏற்க மறுக்குமாயின், பிழை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

இவ்விரு வாயில்களையும் எப்படியோ கடந்து வந்தவரிடம் செயலி அடுத்துக் கேட்பது, பெட்டி எம்மொழியிற் பேசவேண்டும் என்பது. எக்கோ 2014-இல் அமெரிக்காவிலும் 2017-இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. இங்கு வந்தபோது ஆங்கிலம் பேசிற்று. 2019-இல் இந்தியும் பேசத் தொடங்கிற்று. ஐந்தாண்டு கழிந்து 2024 முடிந்தபோதும் அப்பட்டியலில் தமிழ் இல்லை. கூகுள் நிறுவனத்தின் ஒலிபெருக்கியும் இவ்வகையில் வேறுபட்டதன்று. ஆங்கிலத்திற்கு அடுத்து அது இந்தியையே ஏற்றது. இத்தனைக்கும் அதே கூகுள் நிறுவனத்தின் பேச்சுத் துணை, திறன்பேசியில் 2019-இலேயே தமிழ் கேட்கவும் பேசவும் கற்றுவிட்டது. சட்டைப்பையில் உள்ள கருவிக்குத் தெரிந்த தமிழ், கூடத்து மேசைமேல் உள்ள கருவிக்குத் தெரியவில்லை. ஒரே நிறுவனம், ஒரே தொலைவழங்கி, ஒரே மொழி. இங்கே தொழில்நுட்பம் தடுத்தது என்று எவரேனும் கூறின் அது நகைப்பிற்குரியது.

அழைக்கும் பெயரும் அத்தகையதே. எக்கோவை 'அலெக்சா', 'எக்கோ', 'அமேசான்', 'கம்ப்யூட்டர்' போலும் சில பெயர்களால் மட்டுமே விளிக்கலாம். முத்து என்றோ மங்கை என்றோ வீட்டார் தாமே பெயர் சூட்ட இயலாது. விலை கொடுத்து வாங்கிய நாய்க்குட்டிக்குத் தமிழ்ப்பெயர் இடும் உரிமை உண்டு. விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்கு இல்லை.

இவ்விழப்பு யாரைச் சாரும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆங்கிலம் கற்ற இளைஞனுக்கு இப்பெட்டி ஒரு விளையாட்டுப் பொருள். விரலால் தட்டியும் கண்ணாற் பார்த்தும் அவன் செய்துகொள்ளக் கூடியதையே வாயால் செய்கின்றான். கண் மங்கிய பாட்டிக்கோ, மூட்டுவலியால் எழ இயலாத பாட்டனுக்கோ, பார்வையற்றவருக்கோ, எழுதப் படிக்க வாய்ப்பே கிட்டாத உழைப்பாளிக்கோ இது விளையாட்டன்று. இரவில் எழுந்து பொத்தானைத் துழாவாமல் விளக்கேற்றலாம். மருந்துண்ணும் வேளையை நினைவூட்டச் செய்யலாம். வெளியூரில் உள்ள மகனை அழைக்கலாம். பேச்சால் இயங்கும் கருவி யாருக்கு மிகுதியும் வேண்டுமோ அவர்களே ஆங்கிலமும் இந்தியும் அறியாதவர்கள். அவர்கள் முன் இப்பெட்டி, "விளங்கவில்லை" என்பதனையும் விளங்காத மொழியிற் சொல்கின்றது. உடனே பேரப்பிள்ளை ஓடிவந்து பாட்டிக்காக ஆங்கிலத்திற் கூவுகின்றது. வீட்டார் கைதட்டி மகிழ்கின்றனர். தன் வீட்டுக் கூடத்தில் தன் வேண்டுகோளைச் சொல்ல அம்மூதாட்டிக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதாயிற்று என்பது அக்கைதட்டலில் மறைந்துபோகின்றது.

தமிழ்ப்பாட்டு ஒன்றைக் கேட்க விழையும் இளையோரும் முழுதும் தப்புவதில்லை. பாட்டின் பெயரைத் தமிழொலிப்பிற் சொன்னாற் பெட்டி தடுமாறும்; ஆங்கிலேயன் பலுக்குவதுபோற் சிதைத்துச் சொன்னாற் புரிந்துகொள்ளும். ஆகவே பிள்ளைகள் சிதைக்கக் கற்கின்றனர். ளகரமும் ழகரமும் முன்னரே மயங்கிக்கொண்டிருக்கும் நாட்டில் இதற்கெனத் தனிப் பயிற்சிப்பெட்டி வேண்டுவதில்லை.

நிறுவனங்கள் சார்பாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. முதலாவது, பேசுவோர் தொகை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6.9 கோடிப் பேர். டென்மார்க்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 60 இலக்கம். நார்வேயின் மக்கள்தொகை அதனினும் குறைவு. கூகுள் ஒலிபெருக்கி டேனிய மொழியும் பேசுகின்றது, நார்வே மொழியும் பேசுகின்றது. எனவே தலையெண்ணிக்கை அளவுகோல் அன்று. இரண்டாவது, தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு. நெல்லைப் பேச்சு வேறு, கொங்குப் பேச்சு வேறு. கருவிக்கு எதைக் கற்பிப்பது என்பது. இதுவும் நில்லாது. நார்வேயில் எழுத்துமொழியே இரண்டு. பேச்சுவழக்கோ பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறுவது. அரபியில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள தொலைவு தமிழில் உள்ளதினும் பெரிது. அலெக்சா அரபி பேசுகின்றது.

உண்மையான ஏது வேறு. அதனைச் சொல்லத் தமிழர்தாம் நாணவேண்டும். டென்மார்க்கில் உள்ளவன் தன் மொழி பேசாத பெட்டியை எளிதில் வாங்கான். தமிழன் வாங்குகின்றான். விழாக்காலத் தள்ளுபடியில் இரண்டாகவும் வாங்குகின்றான். அட்டைப்பெட்டியின் மேல் 'ஆங்கிலம், இந்தி' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டும் 'தமிழ் எங்கே' என்று கடைக்காரரைக்கூடக் கேட்பதில்லை. கேளாமலே விலை கிட்டும்போது வணிகன் எதற்காகச் செலவிட்டுத் தமிழ் கற்பிக்க வேண்டும்? அவன் பார்ப்பது ஊதியம். அது அவன் தொழில். தன் மொழியைக் கேட்டுப்பெறுவது வாங்குபவன் தொழில். அதனை அவன் செய்யவில்லை.

தமிழ் விளங்காத அப்பெட்டியின் செவியில் தமிழ் விழாமலும் இல்லை. கூடத்தில் வைத்த ஒலிவாங்கி எந்நேரமும் தன் பெயருக்காகக் காத்திருக்கின்றது. பெயரைப் போன்ற ஒலி கேட்டாலும் விழித்துக்கொண்டு, தொடர்ந்து வரும் வீட்டுப்பேச்சைத் தொலைவழங்கிக்கு அனுப்பும். 2019 ஏப்பிரலில், அலெக்சாவின் பதிவுகளுட் சிலவற்றை நிறுவனத்தின் பணியாளர்கள் கேட்டு எழுத்தாக்குகின்றனர் என்று புளூம்பர்க்குச் செய்தி நிறுவனம் வெளிப்படுத்திற்று. அதே ஆண்டு சூலையில், பெல்சிய நாட்டின் பிளமிய ஒலிபரப்பு நிறுவனம் கூகுளின் பதிவுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கேட்டு ஆராய்ந்தது. அவற்றுள் 153, அழைக்காமலே பதிவானவை. படுக்கையறைப் பேச்சும் பூசலும் அவற்றுள் இருந்தன. 2023-இல் சிறுவர்களின் குரற்பதிவுகளை நீக்காது வைத்திருந்த வழக்கில் அமேசான் 2.5 கோடி தாலர் ஒறுப்புத்தொகை கட்ட அமெரிக்காவில் உடன்பட்டது. குரலை வெளியே அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே ஆராயும் ஏந்து ஒன்று சில எக்கோக்களில், அமெரிக்க ஆங்கிலத்திற்கு மட்டும் இருந்தது. 2025 மார்ச்சு 28 முதல் அதுவும் எடுக்கப்பட்டது.

இணைப்பின்போதே சில காப்புகளைச் செய்துகொள்வது அறிவுடைமை. கடவுச்சொல்லை நிறுவனத்தின் கணக்கில் சேமித்து வைக்கலாமா என்று செயலி கேட்கும் இடத்தில் மறுத்துவிடலாம். திசைவிகள் பலவற்றில் விருந்தினர்க்கென வேறொரு வலையை அமைக்க வழியுண்டு. பெட்டியை அவ்வலையில் விட்டால், வீட்டுக் கணினிகளும் பிறவும் அதன் எட்டுகைக்கு வெளியே நிற்கும். பேச்சு வேண்டாப் பொழுதில் ஒலிவாங்கியை அடைக்கும் பொத்தான் பெட்டியின் மேலேயே உள்ளது. அழுத்தினால் விளக்கு செந்நிறமாகும். பழைய பதிவுகளைச் செயலியிற் கண்டு நீக்கலாம்.

குரல் கொடுப்பதிலும் தமிழர் பின்தங்கவில்லை. 2018-இல் அமேசான் 'கிளியோ' என்னும் ஒரு விளையாட்டுத் திறனை இந்தியாவில் வெளியிட்டது. அலெக்சா ஆங்கிலத்திற் சொல்லும் தொடர்க்கு இந்தியிலும், தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளிலும் மக்கள் விடைகூறி அதற்கு மொழி கற்பிக்கலாம் என்றனர். அடுத்த ஆண்டே இந்தி வந்தது. தமிழில் விடைகூறியோரின் குரல் சென்ற இடம் சென்றது. பெட்டியில் தமிழ் மட்டும் வரவில்லை. கற்பித்தவனுக்குக் கூலியும் இல்லை, கற்ற மாணவனும் திரும்பவில்லை.

சிறிய மக்களினங்கள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பது அறியத்தக்கது. ஐசுலாந்தின் மக்கள்தொகை நான்கு இலக்கத்துக்கும் குறைவு. கருவிகள் தம் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசுகின்றன என்று கண்ட அந்நாட்டரசு, 2019 முதல் தன் பணத்தில் மொழித்தொழில்நுட்பத் திட்டம் ஒன்றை நடத்திற்று. பேச்சறிதலும் குரலாக்கமும் அதில் உருவாயின. ஐசுலாந்து மொழியில் வினாவுக்கு விடைகூறும் 'எம்புலா' என்னும் துணையும் அங்கு உருவாக்கப்பட்டது. வேல்சு நாட்டில் பாங்கர் பல்கலைக்கழகம் 'மாக்சன்' என்னும் வேல்சுமொழிப் பேச்சுத்துணையை உருவாக்கி, அதன் மூலநிரலை எவரும் எடுத்தாளும்படி வெளியிட்டது. காட்டலோனிய மக்கள், மொசில்லா நிறுவனத்தின் 'காமன் வாய்சு' என்னும் பொதுக்குரற் களஞ்சியத்திற்குத் தம் குரலை வாரி வழங்கினர். அக்களஞ்சியத்திற் பெருந்தொகை கொண்ட மொழிகளுள் அவர்கள் மொழியும் ஒன்று. இவர்களுள் எவரும் அமேசானின் அருளுக்காகக் காத்திருக்கவில்லை.

தமிழுக்கு அடித்தளம் இல்லாமலும் இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்கும் ஏஐ4பாரத் என்னும் ஆய்வுக்குழு தமிழ் உள்ளிட்ட மொழிகளின் பேச்சைத் திரட்டி, பேச்சறி மென்பொருள்களைப் பொதுவில் வைத்துள்ளது. 2022-இல் வெளியான 'விசுப்பர்' என்னும் கட்டற்ற பேச்சறி மென்பொருளும் தமிழ் அறியும். வீட்டுக் கணினியிலேயே அதனை இயக்கலாம். வீட்டுக் கருவிகளை ஆளும் 'ஓம் அசிசுடண்ட்' என்னும் கட்டற்ற மென்பொருள், குரலை வெளியே விடாமல் இயங்கும் பெட்டி ஒன்றை 2024 திசம்பரில் வெளியிட்டது. செவியும் உண்டு, மென்பொருளும் உண்டு, குரலும் உண்டு. இவற்றை ஒன்றுசேர்த்துப் பாட்டிக்கு விளங்கும் ஒரு பெட்டியாக்கிக் கடையில் வைக்க வேண்டியவர்தாம் முன்வரவில்லை.

தமிழ்நாட்டரசுக்கு இதில் முன்வரலாறும் உண்டு. தட்டச்சுப் பலகைகள் பல்வகையாய்க் கிடந்தபோது 1999-இல் 'தமிழ்99' என்னும் பலகையைப் பொதுமுறையாக அறிவித்தது; 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. விரலுக்குச் செய்ததை நாவுக்கும் செய்யலாம். அரசுப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பேச்சுக் கருவி வாங்கும்போது 'தமிழ் கேட்டுத் தமிழிற் சொல்லவேண்டும்' என்னும் ஒரு வரியை ஒப்பந்தப்புள்ளியிற் சேர்த்தல் போதும். கோடிகளில் வாங்குபவர் கேட்டால், பொத்தான் தொலைபேசிக்கு வந்த தமிழ் இதற்கும் வரும். தமிழ் இணையக் கல்விக்கழகம், பொதுக்குரற் களஞ்சியத்திற்குக் குரல் தரும் வேலையை ஊர்ப் பள்ளிகள்தோறும் எடுத்துச் செல்லலாம்.

தனியாள் ஒருவர் இன்றே செய்யக்கூடியதும் அதுவே. காமன் வாய்சில் தமிழும் உண்டு. திரையில் ஒரு தொடர் தோன்றும். அதனைப் படித்துப் பதியவேண்டும். வேறொருவர் கேட்டுச் சரிபார்ப்பார். நெல்லை, கொங்கு, தஞ்சை, யாழ்ப்பாணம் எனப் பல ஒலிப்பும் வேண்டும். அறுபது அகவை கடந்தோர் குரல் குறிப்பாக வேண்டும். திரட்டப்படுவது எந்த ஒரு நிறுவனத்தின் பேழையிலும் பூட்டப்படாது; தமிழில் ஒரு பெட்டி செய்ய விழையும் எவரும் எடுத்துக்கொள்ளலாம். படிக்க இயலாத பாட்டியாயின், பேரப்பிள்ளை தொடரை மெல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லலாம்.